சபையில் வாசிக்கச் சொன்ன வாக்கியம்

சட்டசபைப் பேச்சை எழுதுகிற நிருபர் அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றித்தான். நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை எழுதுவீர்கள், கோபமாகப் பேசுகிறவரை எப்படிப் பிடிப்பீர்கள் என்று. அதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும், கவலைப்படாதீர்கள். கை தானாக ஓடிக்கொண்டிருக்கும்போது மனசு கிடந்து தவிக்கிற நாள் ஒன்று வரும். அந்த நாளைப் பற்றி எந்தச் சுருக்கெழுத்துப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. எனக்கு வந்த நாளைச் சொல்கிறேன். சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் தொழில் பழகியது புதுக்கோட்டையில், அது தனிச் சமஸ்தானமாக இருந்த கடைசி வருஷங்களில். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சமஸ்தானத்துக்கென்று ஒரு சட்டசபை இருந்தது. அது நிறைவேற்றுகிற தீர்மானத்தை நிர்வாகம் ஏற்றாலும் ஏற்கும், ஓரமாக வைத்தாலும் வைக்கும். அதிகாரம் அவ்வளவுதான். ஆனால் பேச்சில் மெட்ராஸ் சபைக்குக் குறைந்ததில்லை. நடுவில் கிடந்த மேசையில் மாற்றி மாற்றி உட்கார்ந்து எழுத நாங்கள் மூன்று பேர். எங்களுக்குத் தலைமை நிருபராக இருந்தவர் வெற்றிலை போடுகிற, அதிகம் பேசாத மனிதர். பெரியவர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மூவரில் நான்தான் சின்னவன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

என் மாமனார் அந்தச் சபையில் உறுப்பினர். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் பெரிய நிலக்காரர். சபை கூடுகிற நாட்களில் டவுனில் எங்கள் வீட்டில்தான் தங்குவார். வரும்போதே வண்டியில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் இறங்கும். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், "நான் பேசுறதை எம் மருமகன்தான் எழுதுறாரு. அதனால யோசிச்சுப் பேச வேண்டியிருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். அவரைக் கெட்டவர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு கேட்டால் நான் சொல்வது உங்களுக்குப் புரியாமல் போகும். ஊர்க் கண்மாய்க் கரை உடைந்தபோது சர்க்கார் வரும் என்று காத்திராமல் தன் செலவில் அடைத்தவர். மழை பொய்த்த வருஷம் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டவர். அதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்த கூட்டத்தில் ஒரு வக்கீல் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு குழி நிலம் வைத்திருப்பவனுக்கும் ஊரையே வைத்திருப்பவனுக்கும் ஒரே விகிதத்தில் நிலத்தீர்வை போடுவது நியாயமில்லை. சிறு நிலக்காரனுக்குத் தீர்வையே வேண்டாம். நிலம் கூடக் கூட விகிதமும் படிப்படியாக ஏறட்டும். அப்படி வரும் பணத்தில் கண்மாய் மராமத்து, பள்ளிக்கூடம், பஞ்சகாலத்துக்குத் தானியம். இதுதான் தீர்மானம். "மாட்டின் மேல் ஏற்றுகிற பாரத்தையே கன்றின் மேலும் ஏற்றலாமா?" என்று கேட்டார். எதிர்த்தவர்களும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. உழைத்துச் சேர்த்தவனுக்கு அபராதமா என்றார் ஒருவர். எல்லையைத் தாண்டினால் தஞ்சாவூர் ஜில்லா, இங்கே வரியை ஏற்றினால் பணம் எல்லாம் அங்கே போய் நிலமாகிவிடும் என்றார் இன்னொருவர். எனக்கு அப்போது இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. எழுதுகிறவனுக்கு அது ஒரு வியாதி.

மேலே பார்வையாளர் மாடம் நிறையக் குடியானவர்கள். கட்டுச்சோற்றோடு நடந்து வந்தவர்கள். அதில் சின்னையா இருந்ததை நான் பார்த்தேன். என் மாமனாரின் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுகிறவர். சொந்தமாகவும் கொஞ்சம் புஞ்சை உண்டு. தீர்மானம் நிறைவேறினால் அந்தப் புஞ்சைக்குத் தீர்வை இல்லாமல் போகும், அதற்காகத்தான் வந்திருந்தார். அவருடைய மனைவி அடைக்கியும் என் மனைவியும் சின்ன வயதில் ஒரே கண்மாய்க் கரையில் விளையாடியவர்கள். எங்கள் கல்யாணத்துக்கு மஞ்சள் இடித்தது அடைக்கிதான்.

இரண்டாம் நாள் மத்தியானம் என் முறையில் நான் மேசையில் உட்கார்ந்திருந்தபோது என் மாமனார் எழுந்தார்.

நன்றாகத்தான் ஆரம்பித்தார். "எங்கிட்ட இருந்து வரியா வாங்கி ஏழைக்குக் கொடுக்கப் போறோம்னு சொல்றாங்க. நடுவுல எத்தனை கை இருக்கு, யோசிச்சுப் பாருங்க. கணக்கப்பிள்ளை, தாசில்தார், டவாலி. அத்தனை கையையும் தாண்டி அவன் கைக்கு எம்புட்டுப் போகும்? நான் நேராக் கொடுக்குறவன். பஞ்சத்துல எங் களஞ்சியத்தைத் திறந்தேனே, எந்தச் சட்டம் சொல்லித் திறந்தேன்?"

மேசையைத் தட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

வக்கீல் உட்கார்ந்தபடியே கேட்டார்: "பசித்த எல்லோருக்கும் போயிற்றா, வாசலுக்கு வந்து கேட்டவர்களுக்கு மட்டும் போயிற்றா?"

மாமனாருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர் பேச்சைச் சந்தேகித்து யாரும் அதுவரை அவரிடம் கேட்டதில்லை. கையை மேலே நீட்டினார். "சந்தேகமா இருந்தா இந்தா ஒக்காந்திருக்கான் பாருங்க. ஏலே சின்னையா, எந்திரிடா!"

சின்னையா எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போயிற்று. தலைவர் மணியடித்தார். மாடத்தில் இருப்பவர்கள் பேசக்கூடாது என்றார்.

"பேச வேணாங்க. நின்னாப் போதும்," என்றார் மாமனார். "இவன் பொஞ்சாதி அடைக்கி எம் வாசல்ல வந்து நின்னு முந்தானைய ஏந்துனா. ரெண்டு மரக்கா கம்பு போட்டேன். வரியா போட்டுச்சு? நான் போட்டேன்!"

என் பென்சில் இதையும் எழுதிவிட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமனார் மேற்கொண்டு ஏதேதோ பேசினார். நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது சின்னையா நின்றுகொண்டே இருந்தார். உட்காரு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தலைவர் சொல்லவில்லை, மாமனார் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் அவருடைய வேட்டியைப் பிடித்து இழுக்கவில்லை. பேச்சு முடிகிறவரை அந்த மனிதர் அப்படியே நின்றார்.

வக்கீல் எழுந்து ஒரே பதில்தான் சொன்னார். "இதற்காகத்தான் இதைச் சட்டமாகக் கேட்கிறோம். அந்தக் கம்பு சட்டப்படி வந்திருந்தால் அந்த மனிதர் இப்போது எழுந்து நின்றிருக்க வேண்டாம்." அதோடு சபை கலைந்தது. வாக்கெடுப்பு மறுநாள் என்றார்கள்.

நிருபர் அறை வராந்தாவுக்கு மாமனார் வந்தார். அவருடைய முகமே வேறாக இருந்தது.

"கோவத்துல வாய்ல வந்துருச்சு மாப்பிள்ளை. பொம்பளைப் புள்ள பேரைச் சொல்லியிருக்கப்படாது. ஒரு வரிதானே, அங்க 'குறுக்கீடு'ன்னு போட்டுட்டுப் போயிருங்க."

பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவினேன். அன்றைக்கு வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "அப்பாவுக்கு என்ன?" என்று என் மனைவி கேட்டாள். உஷ்ணம் என்றேன்.

மறுநாள் காலையில் சபை வாசலில் சின்னையா எனக்காகக் காத்திருந்தார். ஊருக்குப் போகாமல் டவுனிலேயே எங்கேயோ படுத்திருக்கிறார்.

"ஐயா, நேத்துப் பேசுனதெல்லாம் அச்சுல வருமாங்க?"

வரும் என்றேன்.

"அடைக்கி பேருமா?"

நான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"வாங்குனது நெசந்தாங்க. இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். வாங்கித்தான் புள்ளைக உசுரைக் காப்பாத்துனோம். ஆனா அச்சுல வந்துட்டா நாளைக்கு எம் பேரன்கூட எழுத்துக்கூட்டிப் படிப்பான்ல? அதை மட்டும் எடுத்துருங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சொன்னவரும் எடுக்கச் சொல்கிறார், சொல்லப்பட்டவரும் எடுக்கச் சொல்கிறார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். குறிப்பில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டால் முடிந்துவிடும் விஷயம்.

பெரியவர் முழுவதையும் கேட்டார். "இன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணையே கேக்குறாங்க. அதனால ஒனக்கு லேசா இருக்கு. நாளைக்கு உங்க மாமனார் மட்டும் கேட்டா என்ன செய்வே? அவர் சோத்தைத் தின்னுட்டு முடியாதுன்னு சொல்லுவியா? எழுதுனதை நாம அழிக்கக்கூடாது தம்பி. பேசுனவர் சபையில எந்திரிச்சு, வார்த்தையைத் திரும்பப் பெறுறேன்னு சொல்லணும். தலைவர் உத்தரவு போடணும். அப்ப எடுக்கலாம். அதுதான் வழி."

அவர் சொன்னதில் இன்றுவரை எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாற்பது வருஷம் அந்த விதியை வைத்துத்தான் பிழைத்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சரியான வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரிவதில்லை.

மாமனாரிடம் சொன்னேன். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தனை பேர் முன்னாடியும் நான் மன்னிப்புக் கேக்கணுமா மாப்பிள்ளை?"

"வார்த்தையைத் திரும்பப் பெறுறேன்னு சொன்னாப் போதும் மாமா."

"அந்த வக்கீல் சிரிப்பான்."

கொஞ்ச நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தார். "எம் மக கூட விளையாண்ட புள்ள அது. எங்க வீட்ல சோறு தின்ன புள்ள. சரி, வாங்க. சொல்லிர்றேன்," என்றார். அவர் சம்மதித்ததில் எனக்குச் சந்தோஷம். எல்லாம் நல்லபடியாக முடியப் போகிறது என்று சின்னையாவுக்குக்கூடச் சொல்லி அனுப்பினேன். அதைக் கேட்டு அவர் மாடத்தில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

சபை கூடியதும் மாமனார் எழுந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நேத்துப் பேசும்போது ஒரு குடும்பத்துப் பெண்ணைப் பத்தி வார்த்தை வந்துருச்சு. அதைத் திரும்பப் பெறுறேன். குறிப்புலேர்ந்து எடுத்துரும்படி கேட்டுக்குறேன்." குரல் நடுங்கியது. அவ்வளவு பெரிய மனிதருக்குக் குரல் நடுங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தலைவர் தலையை ஆட்டினார். அத்தோடு முடிந்திருக்கும். வக்கீல் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, எந்த வார்த்தைகள் எடுக்கப்படுகின்றன என்பது சபைக்குத் தெரிய வேண்டும். நேற்றைய என் பதில் அந்த வார்த்தைகளுக்குச் சொன்ன பதில். பாதியை எடுத்துவிட்டு மீதியை வைத்தால் அதற்கு அர்த்தமில்லை. எடுக்கும் முன்பு அந்த வாக்கியத்தைச் சபையில் வாசிக்க வேண்டும்."

அவர் நல்லவர். ஏழைகளுக்காக எத்தனையோ வழக்குகளைக் கூலி வாங்காமல் நடத்தியவர். தீர்மானம் தோற்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். இருந்ததில் பலமான வாதம் அந்த ஒரு வாக்கியம்தான், அது காற்றில் போக அவருக்கு மனமில்லை. மாடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெரியவர் எழுந்து, எழுதித் தலைவரிடம் கொடுத்துவிடுகிறோம் என்றார். வக்கீல் ஒப்பவில்லை, சபை கேட்கவேண்டும் என்றார். இரண்டு மூன்று பேர் அவரை ஆதரித்தார்கள். தலைவர் யோசித்துவிட்டு, "நிருபர் வாசிக்கட்டும்," என்றார்.

பெரியவர், தான் வாசிப்பதாக என் நோட்டுக்குக் கையை நீட்டினார். உங்களுக்குத் தெரியும், ஒருவர் அவசரத்தில் எழுதிய சுருக்கெழுத்தை இன்னொருவர் பிழையில்லாமல் வாசிக்க முடியாது. ஒரு வார்த்தை தவறினால் மறுபடியும் சண்டை. நான்தான் எழுந்தேன்.

நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். பெரியவர் உட்கார்ந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "தெளிவா வாசி. முணுமுணுத்தா இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லுவாங்க."

எவ்வளவு உண்மை. ஒரே தடவையில் முடிய வேண்டுமானால் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கவேண்டும். எனக்குக் கணீரென்ற குரல். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் என்னை எப்போதும் கடவுள் வாழ்த்துப் பாட நிறுத்துவார்கள். அந்தக் குரலில், என் மாமனாரின் முன்னால், என் மனைவியின் சிநேகிதியைப் பற்றி, அவளுடைய புருஷன் கேட்க, முந்தானை, வாசல், மரக்கால் என்று ஒரு சொல் விடாமல் வாசித்தேன். மாடம் வரைக்கும் போயிற்று. நேற்று கோபத்தில் குளறலாக வந்ததை அரைகுறையாகக் கேட்டவர்கள்கூட இன்றைக்கு முழுதாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வார்த்தைகள் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டன என்று தலைவர் அறிவித்தார். நான் உட்கார்ந்தேன். மாமனார் என்னைப் பார்க்கவில்லை. வக்கீலும் அதற்கப்புறம்தான் மேலே பார்த்தார். பார்த்தவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். சின்னையா படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். கட்டுச்சோற்று மூட்டையை எடுக்க மறந்துவிட்டு, பாதிப் படியில் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. மாமனாரும் எதிர்த்துத்தான் கை தூக்கினார்.

அச்சில் அந்த வாக்கியம் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நடந்து வந்த குடியானவர்கள் நடந்தே ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களோடு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் என் மனைவி பிறந்தகம் போய்விட்டு வந்தாள். அடைக்கி வீட்டுக்குப் போனாளாம். உள்ளே ஆள் இருக்கிறது, அடுப்பு புகைகிறது, கூப்பிட்டால் பதில் இல்லையாம். இதைச் சொல்லிவிட்டு எனக்குத் தட்டை வைத்தாள். சோறு போட்டாள். குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா பேசுனதை நான் கேக்கலைங்க. அதைச் சபையில வாசிச்சது நீங்களாமே?"

"ஆமா."

உத்தரவு, தலைவர், பெரியவர் என்று எவ்வளவோ சொல்ல இருந்தது. அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சின்னையா அந்த விளைச்சலோடு வார நிலத்தை விட்டுவிட்டார். சொந்தப் புஞ்சை போதும் என்றாராம். மாமனார் ஆள் விட்டுப் பார்த்தார், வரவில்லை. மாமனார் அடுத்த தேர்தலுக்கு நிற்கவில்லை. உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் முன்போலச் சபைக் கதை கேட்கமாட்டார். எனக்கும் அவருக்கும் நடுவில் பேசாத ஒன்று உட்கார்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். நான் அவரைப் பார்த்து வெட்கப்பட்டேன். சாகும்வரை அது மாறவில்லை.

சபையில் அது நடந்து கொஞ்ச காலத்தில் மறுபடியும் ஒரு வருஷம் வானம் பொய்த்தது. மாமனார் அப்போதும் களஞ்சியத்தைத் திறந்தார். ஆனால் சின்னையாவின் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. சமஸ்தானம் பஞ்சத்துக்காக ரோடு வேலை திறந்திருந்தது. சரளைக் கல் உடைத்தால் கூலி. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

மாமனாரைப் பார்க்க நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்புக் கட்டிய கரி பஸ். வழியில் ஓரிடத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கரியைக் கிளறவேண்டும் என்று டிரைவர் இறங்கினார். நானும் இறங்கினேன். ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் சின்னையாவும் அடைக்கியும் இருந்தார்கள்.

பேசாமல் பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றுதான் தோன்றியது. கால் என்னவோ அவர்கள் பக்கம் போயிற்று. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். சின்னையா நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே எழ ஆரம்பித்தார்.

அடைக்கி என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கவும் இல்லை.

"எதுக்கு எந்திரிக்கிறீங்க? ஒக்காந்து ஒடைங்க. இது சர்க்கார் கூலி."

சின்னையா ஒரு நிமிஷம் பாதி எழுந்த நிலையிலேயே இருந்தார். பிறகு உட்கார்ந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அடுத்த கல்லை எடுத்து வைத்தார். இரண்டு சுத்தியலும் மாறி மாறி விழ ஆரம்பித்தன. சபையின் நடுவில் கணீரென்று வாசித்த எனக்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. கண்டக்டர் கூப்பிடுகிறவரை வெயிலில் நின்றுவிட்டு, போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.